ஆறு மாசக் கோர்ஸ்

மேடைக்குக் கூப்பிட்டால் போய்விடுவேன். போகாவிட்டால், கம்பெனி வைத்ததும் கொம்பு முளைத்துவிட்டது என்பார்கள். போனால் ஒரு சால்வையைப் போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி, கடைசியில் மைக்கை நீட்டுவார்கள். "இன்றைய இளைய தலைமுறைக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு, உங்கள் அறிவுரை என்ன மேடம்?" சிதம்பரத்துக் கல்லூரிகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னைச் சாப்பாட்டுக்கு விட்டதே இல்லை.

முன்பெல்லாம் இதற்குக் கையோடு ஒரு பதில் வைத்திருந்தேன். "நீங்க செய்யுற வேலையை அதோட பேரைச் சொல்லிச் சொல்லுங்க. ஒளிக்காதீங்க. ஒளிச்சா அது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." கை தட்டுவார்கள். பின்வரிசையில் விசில்கூட வரும். இப்போது அந்தக் கேள்வி வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்த நாளும் உண்டு. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், எரிச்சல் கொஞ்சமாவது அடங்கட்டும்.

நான் சிதம்பரத்துப் பெண். அத்தா, எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், செருப்புக்கடை வைத்திருந்தார். அங்கேயே கம்ப்யூட்டர் படித்தேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிற அளவுக்குக் குளிர்கிற அறையில், யாரோ ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரனுக்குக் கொஞ்ச காலம் புரோகிராம் எழுதினேன். பிறகு கல்யாணமாகிக் கடலூர் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஓல்டு டவுனில் கயிறும் மீன்வலையும் விற்கிற கடை. கடையைத் தூக்கிக்கொண்டு அவர் சென்னைக்கு வரமுடியாது, அவரை விட்டுவிட்டு நான் போகமுடியாது. சரி, இங்கேயே ஏதாவது செய்வோம் என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் சாஃப்ட்வேர் செய்வது என்று முடிவு. நோயாளி வந்து பதிவு செய்தால் வரிசை போட்டு, முறை வந்ததும் கூப்பிடுகிற சாஃப்ட்வேர்.

போர்டு எழுத வந்தவர் என் கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெறும் பேரு மட்டும் போட்டா ஜனங்களுக்குப் புரியாதுக்கா. ஜெராக்ஸ், பான் கார்டு, ஆன்லைன் அப்ளிகேஷன்னு கீழ ஒரு லைன் போட்டுடுறேன், எடம் இருக்குது பாருங்க" என்றார். முடியவே முடியாது என்றேன். இருந்தும் என்ன? சுற்றிலும் அரசாங்க ஆபீஸ்கள். மாடியில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும் பட்டா விவரம் பார்க்கவும் ஆட்கள் படியேறி வந்தார்கள். மூச்சு வாங்க வந்து நிற்கிற பெரியவரிடம் இது அந்த மாதிரிக் கடை இல்லை என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பையன்களைத்தான் வேலைக்கு எடுத்தேன். ஒருவனும் நிற்கவில்லை. கொஞ்சம் கை தேறியதும் ஒருவன் சென்னைக்குப் போனான், இன்னொருவன் சபர் போனான். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் ஆட்கள் சபர் என்றுதான் சொல்வார்கள். என் ஆபீஸை அவர்கள் பஸ் ஸ்டாண்டு மாதிரி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் நின்றது பெண்கள்தான். சென்னைக்கு அனுப்பமாட்டார்கள், ஹாஸ்டலில் விடமாட்டார்கள். கடலூர் என்றால் காலை பஸ்ஸில் வந்து விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். அப்படித்தான் என் கம்பெனி பெண்களே நடத்தும் கம்பெனி ஆனது. மேடையில் இதைப் பெரிய புரட்சி மாதிரி அறிமுகம் செய்வார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் நடத்துவது கம்பெனியே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பிரியாணிக்குக் காத்திருந்த பெண்கள் கூட்டத்திடம் காட்டினார். "இவுங்கதான் எம்மவளோட கம்ப்யூட்டர் கிளாஸ் டீச்சர்." சலாம் சொல்லிவிட்டு, டீச்சர் மாதிரியே சிரித்துவைத்தேன்.

மறுநாள் ஆபீஸில் கேட்டேன். எல்லாத் தலையும் கீபோர்டுக்குள் போய்விட்டது. அப்புறம் ஒவ்வொருத்தியாக ஒப்புக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் கிளாஸ்தானாம். எங்கள் ஆட்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்தேன். காடாம்புலியூரிலிருந்து வருகிற முந்திரித் தோப்புக்காரர் மகள் எழுந்து, "எங்க வீட்லயும் அப்படித்தாங்க்கா. பொண்ணு வேலைக்குப் போறான்னா, என்னாய்யா இந்த வருஷம் முந்திரி காய்க்கலையான்னு எங்கப்பாவக் கேப்பாங்க" என்றாள். கும்பிடுகிற சாமிதான் வேறு, பொய் ஒன்றுதான்.

கணக்கு இதுதான். வேலைக்குப் போகிற பெண் என்றால் அந்த வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம். கஷ்டப்படுகிற வீடு என்றால் பெண் கேட்டு வருகிறவர்கள் காலை ஆட்டிக்கொண்டு பேசுவார்கள். கிளாஸுக்குப் போகிற பெண் என்றால் மரியாதை. அதனால் மாதா மாதம் என் பிள்ளைகள் வாங்கிய சம்பளத்துக்கு அவர்கள் வீட்டில் ஸ்காலர்ஷிப் என்று பெயர். வேலை ஜாஸ்தியாகி நேரமானால் எக்ஸாம். ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் சரிசெய்ய வேண்டியிருந்தால் பிராக்டிகல். எத்தனை மாசக் கோர்ஸ் என்று யாராவது கேட்டால் ஆறு மாசம். யார் வீட்டில் முதலில் சொன்னார்களோ தெரியாது, எல்லா வீட்டிலும் ஆறு மாசம் என்றே நிலைத்துவிட்டது. யாருக்கும் தொந்தரவில்லை, வேலை நடக்கிறது, நானும் விட்டுவிட்டேன்.

இவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கதை முழுக்க. சிதம்பரத்திலிருந்து வருவாள். டிகிரி முடித்த கையோடு என்னிடம் வந்தவள், மூன்று வருஷமாக இருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அத்தா சபர் போனவர். லாண்டரிக் கடையில் வேலை. விடுமுறைக்கு வருவார், ஒரு மாசம் இருப்பார், போவார்.

எங்கள் சாஃப்ட்வேர் அப்போது தத்தளித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் டோக்கன் நம்பரைச் சொல்லும், ஒருவரும் எழுந்திரிக்கமாட்டார்கள். நர்ஸ் வந்து கத்த வேண்டியிருந்தது. நர்ஸே கத்துவதென்றால் நீங்கள் எதற்கு என்று ஆஸ்பத்திரிக்காரர் கேட்டுவிட்டார். அவள் ஒருநாள் அந்த ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "அக்கா, அங்க ஒருத்தருக்கும் நம்பர் தெரியல. பக்கத்துல இருக்கவங்க நீங்க எந்த ஊருன்னு கேட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாங்க. ஊர் பேரச் சொல்லிக் கூப்பிடுவோம்" என்றாள். 'காடாம்புலியூர் அம்மா, மூணாம் நம்பர் ரூமுக்கு வாங்க' என்று கூப்பிட வைத்தாள். ஹாலில் சடசடவென்று ஆட்கள் எழுந்தார்கள். மெஷின் குரல் காட்டுமன்னார்கோயிலைக் காட்டில் ஒரு துண்டு, கோயிலில் ஒரு துண்டு என்று பிய்த்துச் சொன்னபோது ஹாலே சிரித்தது. அதையும் உட்கார்ந்து சரிசெய்தாள். அதன் பிறகு மற்ற ஆஸ்பத்திரிகள் தாமாகவே தேடிக்கொண்டு வந்தன. என் கம்பெனி நிலைத்து நின்றது அவளால்தான், மேடையில் சால்வை வாங்கியவள் நான்.

வாய் ஜாஸ்தி அவளுக்கு. சிதம்பரத்தில் நான் பேசிய ஒரு கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். மறுநாள் ஆபீஸில் ஆரம்பித்தாள். "ஏங்க்கா, பேரச் சொல்லிச் சொல்லுங்க, ஒளிக்காதீங்கன்னு மேடையில அந்த முழக்கம் முழங்குறீங்க. எங்கம்மா போன் பண்ணா மட்டும், ஆமாம்மா இன்னைக்கு எக்ஸாம்னு கூசாம சொல்றீங்க!"

"அடியேய், வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றேன். ஆபீஸே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம், தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை சபரில் இருக்கிறார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் பேசிப் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார். அதற்கப்புறமும் அவள் கிளாஸுக்குப் போய்வரலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட வேண்டும். அவள் வேலை நிலைப்பதும் போவதும் அந்த ஒரு சம்மதத்தில்தான் இருந்தது. "கிளாஸ்னா யாருக்கா வேணாம்னு சொல்லுவா? இந்த ஒரு பொய்யில எனக்கு ஆயுசுக்கும் வேலை" என்று கண்ணடித்தாள்.

ஒருநாள் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "டீச்சரம்மா, மாப்பிள்ளையோட அம்மாவும் சின்னம்மாவும் நாளைக்கு ஜவுளி எடுக்கக் கடலூர் வர்றாங்க. அப்படியே கிளாஸையும் பாத்துட்டுப் போவணும்ங்கறாங்க. பாத்துப் புடிச்சுப்போச்சுன்னா, கல்யாணத்துக்கு அப்புறமும் அனுப்புறதுல அவுங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். உங்களுட்ட கரும்பலகை மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

வெள்ளைப் பலகை இருந்தது. அதில் இருந்த வேலைத் திட்டத்தையெல்லாம் அழித்துவிட்டு 'கீபோர்டு அறிமுகம்' என்று எழுதினோம். ஆஸ்பத்திரிகள் கொடுத்த காலண்டர்களைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தோம். காடாம்புலியூர்க்காரி அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய். "இந்த வயசுல என்ன ஸ்டூடண்டு ஆக்கிட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே ஒரு நோட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் எல்லாம் நடந்தது. தொழில் செய்கிறவள், என் ஆபீஸிலேயே திருடி மாதிரி எதையெதையோ ஒளித்துவைக்கிறேனே என்று ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, படியேறி வந்ததில் வியர்த்துக்கொட்டியது. நல்ல மனுஷி, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். உட்கார்ந்ததும் விசிறிக்கொண்டே, "மாஷா அல்லாஹ், நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றார். அவர் தங்கை, அதாவது மாப்பிள்ளையின் சின்னம்மா, ஒல்லி. கண் மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பெண்ணின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி மாசக் கோர்ஸு டீச்சர்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "ஆறு மாசம்."

சின்னம்மா டீ கிளாஸை இறக்கினார். "ஆறு மாசமா? மாப்பிள்ளையோட அண்ணன் நிக்காஹ்ல பாத்தப்பவே எம்மவ கம்ப்யூட்டர் கிளாஸ் போறான்னு சொன்னீங்களே? அவன் புள்ளை இப்ப வீட்டச் சுத்தி ஓடுதே!"

பொய்யை இத்தனை வீட்டில் இத்தனை காலம் சொன்னோமே, கோர்ஸ் ஒருநாள் முடிய வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்ணின் அம்மா, "அது... அது வந்து..." என்று முந்தானையைத் தேடினார். மாப்பிள்ளையின் அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள். கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. பரிதாபம். ஆறு மாசப் படிப்பை மூன்று வருஷமாகப் படித்தும் தேறாத பெண் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

"டிகிரி எப்புடித்தான் முடிச்சுச்சோ" என்று சின்னம்மா வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையோடு தங்கையின் தொடையைத் தட்டினார். "சும்மா இரு. எல்லாருக்கும் படிப்பு வந்துடுமா? நாம என்ன வேலைக்கா அனுப்பப் போறோம்? அமைதியான பொண்ணு, அது போதும். கொஞ்சம் மந்தமா இருந்தா குடும்பத்துக்கு நல்லதுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் வந்து படிக்கட்டும், எத்தினி வருஷம் வேணாலும் படிக்கட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன் டீச்சர், ரொம்ப மந்தமா?"

பாருங்கள், அவள் கேட்ட சம்மதம் கிடைத்துவிட்டது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினால் போதும். என் கம்பெனியையே தூக்கி நிறுத்தியவளை மந்தம் என்று நான் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்துவிட்டாள்.

"நான் மந்தம் இல்ல மாமி."

"உக்காரும்மா" என்றார் அவள் அம்மா. அவள் உட்காரவில்லை. முகம் சிவந்திருந்தது.

"இது கிளாஸே இல்ல மாமி. ஆபீஸ். நான் இங்க வேலை பாக்குறேன். நீங்க போன மாசம் கடலூருக்குக் கண்ணு காட்ட வந்தீங்கள்ல? ஹால்ல உக்காந்திருந்தப்ப, காட்டுமன்னார்கோயில் அம்மா உள்ள வாங்கன்னு ஒரு குரல் கூப்புட்டுச்சுல்ல? அத அப்படிக் கூப்பிட வச்சது நான்தான்."

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்தார். "அது நீ செஞ்சதா? அட அல்லாவே! என் ஊரு பேர அவ்ளோ அழகா சொல்லிச்சு. யாரோ தெரிஞ்ச பொண்ணு கூப்புடுதுன்னுல்ல நான் எந்திரிச்சேன்!" உண்மையாகவே பூரித்துப் போனார். அவள் கையை எட்டிப் பிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அப்ப வேலைக்குப் போற பொண்ணு" என்றார் சின்னம்மா.

மாப்பிள்ளையின் அம்மா கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். ஒருவரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. டீயைக் குடித்து முடித்தார்கள். ஜவுளிக்கடைக்கு நேரமாகிறது என்றார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். எங்கள் பக்கம் சொல்லி அனுப்புகிறோம் என்றால் அனுப்பமாட்டார்கள் என்று அர்த்தம்.

அவர்கள் இறங்கிப் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு. "பேரச் சொல்லிட்டேன்க்கா" என்றாள். கீழே படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னேன், "நல்லா சொன்ன." இப்போதும் அதையேதான் சொல்வேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. வந்தவர்கள் ஊரில் சொன்னது பரவி, அந்த வாரத்துக்குள் மற்ற வீடுகளிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. "டீச்சர், அது ஏதோ கம்பெனியாமே?" என்று என்னையே கேட்டார்கள்! சம்பளம் யார் கணக்கில் விழுந்தது, அந்தச் சம்பளத்தில் யார் வீட்டுக்கு ஃபிரிஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது? ஸ்காலர்ஷிப்பில் வாஷிங் மெஷின் வாங்கின அதிசயத்தை உலகத்தில் எங்கேயாவது கேட்டதுண்டா? எல்லாம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஊருக்குத் தெரிந்துபோன பிறகு, தங்களுக்குத் தெரியாதது போல அவர்கள் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. "கோர்ஸ் முடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்குங்க டீச்சர்" என்றார் ஒரு தகப்பனார், மிகவும் மரியாதையாக. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கல்யாணமானவள் என்பதால் காடாம்புலியூர்க்காரி மட்டும் மிஞ்சினாள். வெள்ளைப் பலகையில் 'கீபோர்டு அறிமுகம்' அப்படியே கிடந்தது. ஆத்திரத்தில் அதை நான்தான் அழித்தேன்.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், அப்புறம் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். மற்றவர்கள் போனால் போகட்டும், அவளை விடுவதில்லை. வழி நெடுக என்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நம் மார்க்கத்தில், இஸ்லாத்தில், பெண் வேலைக்குப் போக எங்கே தடை இருக்கிறது காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். உங்கள் மகள் செய்ததை எந்த ஊர்ப் பிள்ளை செய்தது என்று கேட்க வேண்டும். சண்டை போட்டாவது கூட்டிவருவது என்ற முடிவோடுதான் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

அவள் அம்மா உட்காரச் சொன்னார், டீ போட உள்ளே போனார். அவள் உள்கட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு தானாக அணைந்தது. நான் பேச ஆரம்பித்ததும், டீயைக் கொண்டுவந்து வைத்த அவள் அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவுங்க அத்தாக்கிட்டப் பேசிடுங்க" என்று சொல்லி வீடியோ கால் போட்டுப் போனை என் முன்னால் பிடித்தார்.

ஒல்லியான மனிதர். வேலைக்கு இடையில் அறைக்கு வந்திருப்பார் போல, பின்னால் இரட்டைக் கட்டில்கள், கட்டில் கம்பிகளில் துண்டுகள். சலாம் சொன்னார். நான் வழியில் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினேன். கொஞ்சம் குரல் உயர்த்தியும் பேசிவிட்டேன். நான் மூச்சு விட்டதும் அவர் ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, எம்மவ என்னா செய்யுறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? மொத நாள்லேர்ந்து தெரியும். அந்த ஆஸ்பத்திரில ஊர் பேரு சொல்லிக் கூப்புடுறத போன்ல புடிச்சு எனக்கு அனுப்புனா. இந்த ரூம்ல இருக்க அத்தன பேருக்கும் போட்டுக் காட்டுனேன். எம்மவ செஞ்சதுன்னு சொன்னேன்."

"அப்ப ஏன் நிறுத்துறீங்க?"

"இங்க சொல்லலாம்மா. இங்க நாங்க எல்லாரும் ஒரே மாதிரி. ஊர்ல அப்படி இல்லையே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இத்தினி வருஷமா இங்க எதுக்குக் கெடக்குறேன்? எம்புள்ளைங்க வெளிய போயி சம்பாதிக்கக் கூடாதுன்னுதானே? அவ நடக்கப் பழகுனத நான் பாக்கல. பள்ளிக்கூடம் போனதப் பாக்கல. இப்ப அவ வேலைக்குப் போறான்னு ஊரெல்லாம் தெரிஞ்சா, அப்புறம் நீ எதுக்குய்யா அங்க கெடந்தன்னு எவனாவது ஒருத்தன் கேப்பான். நிச்சயம் கேப்பான். அவனுக்கு நான் என்னா சொல்லட்டும்? நீங்க படிச்சவங்க, சொல்லிக் குடுங்க, சொல்றேன்."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இத்தனை நாள் மகளைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டே அவளை மறைத்துவைத்தாயே என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் பின்னால் அந்தக் கட்டில்கள் தெரிந்தன. கத்த முடியவில்லை.

"கிளாஸாவே இருந்திருக்கலாம்மா" என்றார் அவர். "கிளாஸா இருந்தப்ப அவளுக்கும் எடம் இருந்துச்சு, எனக்கும் எடம் இருந்துச்சு."

நான் எழுந்தேன். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. எழுந்த வேகத்தில் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நிலைக்கதவருகே நின்றவளைப் பார்த்து நேராகக் கேட்டேன். "இவுங்க எல்லாரும் பேசிட்டாங்க. நீ இன்னும் பேசல. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்குறேன். ஊர நான் பாத்துக்குறேன்."

அவள் அம்மாவின் கையில் போன் இன்னும் அவள் பக்கமாகத் திரும்பியே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. போனில் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கோர்ஸ் முடிஞ்சிடுச்சு டீச்சர்" என்றாள்.